கிரவுன் டையில் சரி, வாயில் இறுக்கம்: இம்ப்ரஷன் பொருளை மாற்ற வேண்டுமா?

கடைவாய் (கல்முனை) கேட்டது:

கீழ்த்தாடை முதலாம் கடைவாய்ப் பல்லுக்கு ஒற்றை மெட்டல்-செரமிக் கிரவுன் (அரைத்துச் சீவிய பல்லின் மேல் ஏற்றும் உறை). லெப் கண்டியில். திரும்பி வரும் கிரவுன் டையில் (அச்சில் கல் ஊற்றி எடுத்த பல்லின் மாதிரியில்) அழகாக உட்காருகிறது, மார்ஜினில் (கிரவுன் முடியும் ஓரத்தில்) புரோப் முனை மாட்டாது. அதையே பல்லில் வைத்தால் அரை மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. எல்லாம் அல்ல, ஆனால் அடிக்கடி. உள்ளே அரைத்து இறக்கினால் இறங்குகிறது, பிறகு ஆடுகிறது.

இப்போது அச்சு (இம்ப்ரஷன்) எடுக்கும் செய்முறை: ஓட்டை போட்ட பிளாஸ்டிக் ட்ரே. ஓட்டையே பிடித்துக்கொள்ளும் என்று பசை பூசுவதில்லை. சிலிக்கோன் புட்டி பெரிய டப்பாவில் இருந்து கரண்டியால், ட்யூபில் இருந்து கட்டலிஸ்ட் (இறுகவைக்கும் பொருள்) கோடு போட்டு, கையால் பிசைந்து முதல் அச்சு. இறுகியதும் எடுத்து, அதே கட்டலிஸ்ட்டில் கலந்த லைட் பாடியை (இளகலான சிலிக்கோன்) ஊற்றித் திரும்ப அழுத்திப் பிடித்து நான்கு நிமிடம். மின்வெட்டு நேரம் அறை 31 பாகை. எதிர்த்தாடை அச்சு அல்ஜினேட்டில் (நீரில் குழைக்கும் அச்சு மா). இரண்டையும் ஈரப் பஞ்சு சுற்றி ஒரே பையில் போட்டு மாலை பஸ்ஸில் அனுப்பினால், லெப்பில் கல் (மாதிரி வார்க்கும் ஜிப்சம் மா) ஊற்றுவது அடுத்த நாள், சிலவேளை அதற்கடுத்த நாள்.

பொலிஈதருக்கு (இன்னொரு அச்சுப் பொருள்) மாறினால் தீருமா? எது மிகத் துல்லியம்?


சுண்ணாம்புக்கை (மட்டக்களப்பு, லெப்):

டொக்டர், பொருளை மாத்துறதுக்கு முதல் பக்கத்துப் பல்லுத் தொடுகையைப் பாருங்க. கிரவுன் இறங்காட்டி எல்லாரும் உள்ளுக்குத்தான் அரைக்கிறாங்க, பிடிக்கிறது பக்கத்தில. ரெண்டு பக்கமும் ஃப்ளொஸ் இறக்குங்க. நூல் பிஞ்சு வந்தா அங்கதான் பிடிக்குது. தற்காலிக சிமெந்துத் துணிக்கை பல்லில ஒட்டியிருந்தாலும் இதே கதைதான்.

அது ரெண்டும் இல்லை எண்டா, ஃபிட் பார்க்கிற சிலிக்கோனைக் கிரவுனுக்குள்ள மெல்லிசாப் பூசி அமத்தி எடுங்க. உலோகம் எங்க தெரியுது எண்டு பாருங்க. ஒரு புள்ளி மட்டும் தெரிஞ்சா அது எங்கட பிழை: கல்லில காற்றுக் குமிழ், டையில பள்ளம், கிரவுனுக்குள்ள முட்டு. சுத்திவரச் சுவரெல்லாம் தெரிஞ்சா டையே பல்லைவிடச் சின்னன். டையில உட்காருது, பல்லில உட்காருதில்லை எண்டா வார்ப்பில பிழை இல்லை. வார்ப்புச் சுருங்கியிருந்தா டையிலயும் ஏறாது.

எவ்வளவு சின்னன் எண்டு கணக்குப் பாருங்க. பல்லுச் சுவர் ஒவ்வொரு பக்கமும் 6 பாகை சாய்வு எண்டா, கிரவுன் அரை மில்லிமீட்டர் உயர்ந்து நிக்க விட்டத்தில 105 மைக்ரோன் குறைஞ்சாக் காணும். 3 பாகையில சீவியிருந்தா 52 மைக்ரோனே போதும். அதாவது பல்லு எவ்வளவு நேராச் சீவியிருக்கோ, சின்னப் பிழையும் அவ்வளவு உயரமாத் தெரியும். "அரை மில்லிமீட்டர்" எண்டு கேட்டா பெரிய பிழை மாதிரி இருக்கும், உள்ளுக்கு அது ஒரு தலைமயிர்த் தடிப்பு.

இதெல்லாம் டை ஸ்பேசர் (சிமெந்துக்கு இடம் விட டையில பூசிற பூச்சு) தின்ன பிறகு மிஞ்சிற கணக்கு. ஸ்பேசர் ஒரு பக்கத்துக்கு 20 தொடக்கம் 40 மைக்ரோன், மார்ஜினுக்கு மேல ஒரு மில்லிமீட்டர் மட்டும் விட்டுட்டுப் பூசுவம். உங்கட லெப்பில எத்தனை பூச்சு எண்டு கேளுங்க. ஒண்டுமே பூசாத இடங்களும் உண்டு.


வாவிக்கரை (மட்டக்களப்பு):

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேள்வியிலேயே பதில் கிடக்கிறது: "பெரிய டப்பா, ட்யூபில் கட்டலிஸ்ட்". அது கண்டென்சேஷன் சிலிக்கோன். அடிஷன் சிலிக்கோன் புட்டி ஒரே அளவான இரண்டு டப்பாக்களில் வரும், கரண்டிக்குக் கரண்டி கலப்போம். கடையில் இரண்டையும் "சிலிக்கோன் புட்டி" என்றே விற்பதால் இந்த மயக்கம். பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், சுபாவம் வேறு. கண்டென்சேஷன் வகை இறுகும்போது எத்தில் அல்கஹோல் வெளியேறுகிறது. அது ஆவியாகப் போகப் போக அச்சு சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் 0.4 முதல் 0.6 சதவீதம் வழமை, லைட் பாடியில் நிரப்பி குறைவு என்பதால் அதற்கு மேலும் போகலாம். எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் கல் ஊற்ற வேண்டிய பொருள் இது. நீங்கள் இரண்டு நாள் கொடுக்கிறீர்கள். அடிஷன் வகையில் அப்படி எதுவும் வெளியேறுவதில்லை, சுருக்கம் 0.05 முதல் 0.2 சதவீதத்துக்குள் அடங்கும், ஒரு கிழமை கழித்து ஊற்றினாலும் குறை வராது. பொலிஈதர் 0.2 முதல் 0.3.

சீவிய கடைவாய்ப் பல் 9 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்தால், 0.1 சதவீதம் 9 மைக்ரோன், 0.25 சதவீதம் 22, 0.5 சதவீதம் 45. முதல் இரண்டையும் ஸ்பேசர் விழுங்கிவிடும். எனவே அடிஷனா பொலிஈதரா என்ற வாதம் உங்கள் இடத்தில் தேவையே இல்லை. எது மிகத் துல்லியம் என்று கேட்டால், இரண்டும் உங்கள் கையைவிடத் துல்லியம். என் கையையும்விடத்தான்.

அடுத்தது, எந்தப் பக்கம் சுருங்குகிறது என்பது. இதைப் பலர் யோசிப்பதில்லை. பசை பூசிய ட்ரேயில் பொருள் ட்ரேச் சுவரை நோக்கிச் சுருங்கும், பல்லின் குழி பெரிதாகும், டை ஒரு துளி பெரிதாக வரும். அது நமக்கு நன்மை. பசை இல்லாவிட்டால் பொருள் தன் நடுவை நோக்கிச் சுருங்கும், குழி சிறிதாகும், டையும் சிறிதாகும். ஓட்டை பசைக்கு மாற்றல்ல. வாயிலிருந்து இழுக்கும்போது விளிம்பில் புட்டி ட்ரேயை விட்டு நழுவுகிறது, கண்ணுக்குத் தெரியாமல் திரும்ப ஒட்டிக்கொள்கிறது. நகத்தால் நெம்பிப் பாருங்கள், விலகும்.

மூன்றாவது, உங்கள் இரண்டாம் கட்டம். லைட் பாடிக்கு இடமே விடவில்லை. இறுகிய புட்டி அதே பல்லின் அச்சு. அதற்குள் லைட் பாடியை ஊற்றி அழுத்தினால் அது ஓட வழியில்லாமல் புட்டியை நெருக்கித் தள்ளுகிறது. வாயிலிருந்து எடுத்ததும் புட்டி பழைய இடத்துக்குத் திரும்பும், டை நாலு பக்கமும் சிறுத்துப்போகும். இந்தத் திரும்பல் பொருளின் சுருக்கத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். பிளாஸ்டிக் ட்ரேச் சுவரும் புட்டியின் தள்ளலில் வெளியே வளைந்து, எடுத்ததும் உள்ளே வரும். அதுவும் டையைக் கன்னம்-நாக்குத் திசையில் ஒடுக்கும்.

ஆக உங்களிடம் உள்ள நான்கு பிழையும் ஒரே பக்கம் இழுக்கின்றன: சுருங்கும் பொருள், பசையில்லாத ட்ரே, இடமில்லாத புட்டி, வளையும் சுவர். ஒன்றையொன்று ஈடுசெய்ய வழியில்லை.

செய்ய வேண்டியது: வளையாத உலோக ட்ரே. உட்புறமும் விளிம்பு தாண்டி 3 மில்லிமீட்டர் வெளிப்புறமும் அந்தந்தப் பொருளுக்குரிய பசை, மெல்லிய ஒரே பூச்சு. சிலிக்கோன் பசை பொலிஈதருக்கு ஒட்டாது. பூசிப் பத்து நிமிடமாவது காய விடுங்கள், ஈரப் பசை வழுக்கும். புட்டி அச்சைப் பல்லைச் சீவ முதலே எடுத்துவிடுங்கள். நீங்கள் சீவி அகற்றும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டரே லைட் பாடிக்கான இடமாகிவிடும், ஸ்பேசர் தாளுக்கு அலைய வேண்டியதில்லை. பிறகு கத்தியால் பல்லிடைக்குள் புகுந்த செதில்களை வெட்டுங்கள். அந்தப் பல்லின் குழியிலிருந்து அண்ணப் பக்கமாகவோ நாக்குப் பக்கமாகவோ ஒரு வாய்க்கால் சீவி, மிகுதி லைட் பாடி வழிந்தோட விடுங்கள். உட்கார்ந்த பின் அழுத்த வேண்டாம், அசையாமல் பிடித்தால் போதும்.


பாடுமீன் (அக்கரைப்பற்று):

வாவிக்கரை டொக்டரோடு ஒரு சின்ன மாறுபாடு. இரண்டு கட்டம் செய்பவர்கள் இடம் விட்டுத்தான் செய்ய வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் தனிப் பல்லுக்கு ஹெவி பாடியும் (புட்டியைவிட இளகல், லைட் பாடியைவிடக் கெட்டி) லைட் பாடியும் ஒரே நேரத்தில், ஒரே கட்டமாக எடுப்பது இன்னும் பாதுகாப்பு. இறுகிய எதையும் நெருக்குவதில்லை, எனவே திரும்பலும் இல்லை. ஹெவி பாடி என்றுதான் சொல்கிறேன், புட்டி அல்ல. ஒரே கட்டத்தில் புட்டியைப் போட்டால் அது லைட் பாடியை மார்ஜினில் இருந்து வழித்துத் தள்ளிவிடும், மார்ஜின் புட்டியில் பதியும். ஐஎஸ்ஓ 4823 தரத்தில் புட்டி 75 மைக்ரோன் கோட்டைப் பதித்தால் போதும், லைட் பாடி 20 மைக்ரோன் கோட்டைப் பதிக்க வேண்டும். இந்த வித்தியாசம் மார்ஜினில் விழக் கூடாது. அச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: மார்ஜின் ஓரத்தில் புட்டியின் நிறம் எட்டிப் பார்த்தால் அந்த அச்சு கழிவுக்கு.

இனி நம் ஊர் வெப்பம். பெட்டியில் அச்சிட்ட வேலை நேரம் 23 பாகைக்கு. 31 பாகையில் அது தெளிவாகக் குறையும். பாதி இறுகிய லைட் பாடியை வாயில் வைத்தால் அது ஓடாது, மடிப்பு விழும், நெருக்கிய அழுத்தம் உள்ளேயே உறைந்து எடுத்த பின் மெல்ல அவிழும். கண்ணுக்கு அச்சு கண்ணாடி மாதிரி இருக்கும், அளவு பிழைத்திருக்கும். புட்டியையும் காட்ரிட்ஜையும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து எடுங்கள், ஆனால் வெளியில் பூக்கும் நீர்த்துளியைத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். பொலிஈதரை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், விறைத்துவிடும். இதில் ஓர் ஆறுதலும் உண்டு: வாயின் 37 பாகையிலிருந்து 23 பாகை அறைக்கு வரும்போது சிலிக்கோன் கால் சதவீதம் வரை சுருங்கும், நம் 31 பாகை அறையில் அதன் பாதிகூட இல்லை. மின்வெட்டுக்கு ஒரு நன்மை.

அடிஷன் வகைக்கு மாறும்போது புதிதாக மூன்று தொல்லை வரும், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

லேடெக்ஸ் கையுறை. அதிலுள்ள கந்தகம் பிளாட்டினம் கட்டலிஸ்ட்டைக் கெடுக்கும். பிசைந்த புட்டி மட்டுமல்ல, லேடெக்ஸ் கையால் தொட்ட பல்லின் மேலும் லைட் பாடி இறுகாமல் பிசுபிசுக்கும். நைட்ரைல் போடுங்கள். கழற்றிவிட்டு வெறுங்கையால் பிசைந்தாலும் லேடெக்ஸ் தூள் கையில் இருக்கும், கழுவ வேண்டும்.

தற்காலிக கிரவுன் ரெசினும் புதிதாகக் கட்டிய கொம்போசிட் கோரும் (உடைந்த பல்லைக் கட்டியெழுப்பும் உட்கரு). மேற்பரப்பில் காற்றுப்பட்டு இறுகாத படலம் இருக்கும், அதுவும் சிலிக்கோனை இறுகவிடாது. அச்சு எடுத்த பிறகு தற்காலிகம் செய்யுங்கள், கோரை அல்கஹோல் பஞ்சால் துடையுங்கள்.

ஹைட்ரஜன். சில அடிஷன் சிலிக்கோன் இறுகிய பின் சிறிதளவு ஹைட்ரஜன் விடும். உடனே கல் ஊற்றினால் டை முழுக்க ஊசித் துளை. உற்பத்தியாளர் வேறு சொல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம் பொறுங்கள். எப்படியும் அச்சு தன் வடிவத்துக்கு மீள அரை மணித்தியாலம் வேண்டும்.

பொலிஈதர் நல்ல பொருள்தான், ஈரத்தோடு ஒத்துப்போகும். ஆனால் தண்ணீரை உறிஞ்சி வீங்கும். மார்கழி மழைக்காற்றில் ஈரப் பஞ்சோடு ஒரே பையில் போட்டால் உங்கள் அளவு பிழைக்கும். விறைப்பும் அதிகம், ஆடும் பல்லும் பிரிஜ்ஜும் இருக்கிற வாயில் கீழிடுக்கை (பல்லுக்கும் பிரிஜ்ஜுக்கும் கீழுள்ள குழிவை) மெழுகால் அடைக்காமல் வைத்தால் எடுக்கப் படாதபாடு.


கடைவாய்:

பெட்டியைப் பார்த்தேன், கண்டென்சேஷன்தான். மாற்றுகிறேன். இரண்டு கேள்வி. நாக்குப் பக்கத் தூரமூலையில் மார்ஜின் அடிக்கடி கிழிகிறது, அது பொருளின் பலவீனமா? அல்ஜினேட்டை எப்படி அனுப்புவது?


வாவிக்கரை:

கிழிவது பொருளால் அல்ல, தடிப்புப் போதாததால். ஈறுப் பள்ளத்தில் குறைந்தது 0.2 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். அதைவிட மெல்லிய படலம் எந்தப் பொருளிலும் கிழியும், கிழியாவிட்டால் இழுபட்டு நீளும். நீண்டது இன்னும் மோசம், ஏனெனில் அது தெரியாது. ஈறை விலக்கும் நூலை இரட்டையாகப் போடுங்கள்: அடியில் 000 அளவு, அது அச்சு எடுக்கும்வரை உள்ளேயே இருக்கும். மேலே 0 அல்லது 1, அலுமினியம் குளோரைடில் நனைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம். வெளியே எடுக்கும்முன் நூலை நீரால் நனையுங்கள், காய்ந்த நூல் ஈறோடு பிய்ந்து இரத்தம் வரும். பிறகு நன்றாகக் கழுவி உலர்த்துங்கள், மருந்து எச்சம் மார்ஜினில் சிலிக்கோன் இறுகுவதைக் கெடுக்கும். நூல் எடுத்த நொடியிலிருந்து பள்ளம் மூடத் தொடங்குகிறது. எனவே லைட் பாடித் துப்பாக்கி கையில் தயாராக, முனையில் முதல் பட்டாணி அளவைத் தாளில் வெளியேற்றிவிட்டு, பின்பக்க மூலையிலிருந்தே தொடங்கிச் சுற்றி வாருங்கள். முனை எப்போதும் பொருளுக்குள் புதைந்திருக்க வேண்டும், வெளியே தூக்கினால் குமிழ்.

வாயில் வைக்கும் நேரம் உற்பத்தியாளர் சொன்னதுக்கு மேல் ஒரு நிமிடம். எடுக்கும்போது ஆட்டி ஆட்டி அல்ல, பல்லின் நெடுக்குத் திசையில் ஒரே வெட்டில். கையில் மிஞ்சிய துண்டு இறுகியிருந்தால் வாயில் இருப்பதும் இறுகியிருக்கும், வாய் அதைவிடச் சூடு.

கழுவி, 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் பத்து நிமிடம், மீண்டும் கழுவி உலர்த்தி அனுப்புங்கள்.


சுண்ணாம்புக்கை:

அல்ஜினேட்டை அனுப்பாதீங்க, டொக்டர். காய விட்டா சுருங்கும், ஈரப் பஞ்சில வைச்சா வீங்கும், ரெண்டும் ஒரே பஸ்ஸில நடக்கும். எடுத்துப் பத்துப் பதினைஞ்சு நிமிசத்துக்குள்ள கிளினிக்கிலயே கல் ஊத்தி, இறுகின பிறகு கல் மொடலை அனுப்புங்க. எதிர்த்தாடை பிழைச்சா கிரவுன் உள்ளுக்குச் சரியா இருந்தும் கடிக்கேக்க உயரும், பிறகு மேலால அரைப்பீங்க, போர்சிலேன் போகும்.

கிளினிக்கில ஊத்திறதெண்டா ரெண்டு விசயம். கல்லுமாப் பையை வாய் கட்டி, காத்துப் புகாத டப்பாவில வையுங்க. எங்கட கடற்கரைக் காத்தில திறந்து கிடந்த மா ஒரு நாளைக்கு உடனே இறுகும், மறுநாள் இறுகவே இறுகாது. கிணத்துத் தண்ணியால குழைக்காதீங்க, உவர்த்தண்ணி இறுகிற நேரத்தை மாத்தும். போத்தல் தண்ணி போதும். டை ஊத்திற வகை நாலு கல்லுக்கு 100 கிராமுக்கு 22 மில்லிலீட்டர் கணக்கு, பைக்கட்டில வேற இருந்தா அதுதான். மாவைத் தண்ணியில போடுங்க, தண்ணியை மாவில ஊத்தாதீங்க. ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் பிரிக்கப்படாது.

கல் எங்களுக்கு எதிரி இல்லை எண்டதையும் சொல்லணும். வகை நாலு இறுகேக்க 0.15 சதவீதத்துக்குள்ளதான் விரியும், உங்கட 9 மில்லிமீட்டரில அது 13 மைக்ரோன் பெரிசாக்கும், சின்னனாக்காது. இறுக்கத்துக்குக் கல்லைக் குற்றம் சாட்டேலாது.

சிலிக்கோன் அச்சை ட்ரேயோட விறைப்பான பெட்டியில, விளிம்பு பெட்டியில முட்டாமப் போடுங்க. மஹியங்கனைப் பதினெட்டு வளைவில பை உருளேக்க ட்ரேக்கு மேல மற்றச் சாமான் ஏறினா, பஸ்ஸில நடந்தது உங்கட மார்ஜினில தெரியும். லெப் தாளில பொருளின் வகை, எடுத்த நாள், நேரம், கிருமிநாசினி போட்டாச்சா, ஸ்பேசர் எத்தனை பூச்சு வேணும் எண்டு எழுதுங்க. அடுத்த கிரவுனை உள்ளுக்கு அரைக்காம, ஃபிட் சிலிக்கோன் படத்தை டையோட சேத்து லெப்புக்குத் திருப்பி அனுப்புங்க. அரைச்ச பிறகு வந்தா எங்க பிடிச்சது எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது.


கடைவாய்:

ட்ரேயும் பசையும் ஓடர் போட்டாச்சு. முதல் அச்சு வாவிக்கரை டொக்டர் சொன்னபடி சீவ முதல் புட்டி, வாய்க்காலோடு. அடுத்தது பாடுமீன் சொன்ன ஹெவி பாடி ஒரே கட்டம். ஒரே நோயாளியின் அதே பல்லில் இரண்டையும் எடுத்து, இரண்டு டை ஊற்றச் சொல்லி, ஒரே கிரவுனை இரண்டிலும் ஏற்றிப் பார்க்கப் போகிறேன். எதில் எவ்வளவு உயர்கிறது என்று இதே இழையில் போடுகிறேன்.


பாடுமீன்:

அப்படிச் செய்தால் வாயில் புட்டி கட்டத்தை முதலில் எடுங்கள், ஹெவி பாடியைப் பிறகு. நூலை இடையில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது அச்சில் ஈறு மூடியிருக்கும், ஒப்பீடு பொருளைப் பற்றியதாக இருக்காது, ஈறைப் பற்றியதாகிவிடும்.